பச்சை மின்னும் அலமாரி

மேசையை முதலில் ஹால் ஜன்னலோரம் போட்டேன். மதியத்துக்குள் பிடிக்காமல் போய்விட்டது. கீபோர்டின் மேல் மாவு சலித்தது போல ஒரு சாம்பல் தூசிப் படலம். துடைத்துவிட்டுக் காபி போட்டு வருவதற்குள் மறுபடியும் படலம். விரலால் இழுத்தால் கோடு நிற்கும். இந்த ஊரில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. கூட்டுகிறவர்கள் இன்னொரு தடவை கூட்டுவார்கள், அவ்வளவுதான். பல வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் எனக்குத்தான் ஒவ்வொரு கட்டையின் இடுக்கும் தனித்தனியாக உறுத்தியது.

மறுநாள் மேசை சமையலறைக்குப் போனது. அங்கே குக்கரின் ஆவி. பிறகு பின்பக்க வராந்தாவுக்கு. பலாமரத்து நிழல் இருந்தது, அணில் இருந்தது, காற்று இருந்தது, காற்றோடு தூசியும் இரட்டிப்பாக வந்தது. மறுபடி ஹால், இந்த முறை படுக்கையறைச் சுவரை ஒட்டி. சிமெண்ட் தரையில் மேசைக்கால்கள் இழுத்த கோடுகளைப் பார்த்தால், ராத்தங்க இடம் தேடி யாரோ வீட்டுக்குள்ளேயே அலைந்தது போலிருக்கும். அலைந்தவள் நான்தான்.

"மேசைக்கும் ஷிப்ட் போட்டுட்டியா?" என்றார் என் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "ஏ ஷிப்ட் ஹால், பி ஷிப்ட் கிச்சன். சி ஷிப்டுக்கு எங்க போகுது?"

"உங்க தலமேல."

"அங்க ஏற்கெனவே ஹெல்மெட் இருக்கு."

அனல் மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை அவருக்கு. பேனலுக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குகளையும் முட்களையும் பார்க்கும் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். மகளின் பள்ளிக்கூடத்துக்காக நான் அவளோடு சென்னைக்குப் போனேன்; பள்ளி கல்லூரியானது, கல்லூரி அவளுக்கு வேறொரு மாநிலத்தில் வேலையானது, நான் மட்டும் என் ஆபீஸோடு அங்கேயே தங்கிவிட்டேன். வெளிநாட்டு ஆய்விதழ்களின் பக்கங்களை அச்சுக்கு முன் சரிபார்க்கிற ஆபீஸ். எங்கள் கல்யாண வாழ்க்கையின் பெரும்பகுதி பேருந்தில் கழிந்தது. சனிக்கிழமை வருவேன், அவர் சி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கிளம்புவேன், அவர் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். இருவரும் ஒரே வாசலில் எதிரெதிர் திசைக்குக் கையசைத்த நாள்கள் உண்டு.

பிறகு ஆபீஸ் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. கம்ப்யூட்டர், பெரிய திரை, பேட்டரிப் பெட்டி எல்லாம் பார்சலில் வந்து இறங்கின. வந்துவிட்டேன். இப்போது மறுபடியும் கேட்கிறார்கள்: திரும்பி ஆபீஸுக்கு வருகிறாயா, அங்கேயே இருந்து பார்க்கிறாயா, பொங்கலுக்குள் சொல். ஒரே ஒரு வரி பதில் போதும். அந்த ஒரு வரியை அனுப்ப முடியாமல்தான் மேசையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கல் வரைக்கும் பாப்பமே" என்றார் அவர். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார், ஆஸ்பத்திரியில் எதிர்க் கட்டிலில் இருக்கிற நோயாளியைப் பற்றிப் பேசுவது போல.

எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். என் தொழில் அப்படி. பக்கத்தில் ஓர வெள்ளை சரியாக இருக்க வேண்டும், ஒரு புள்ளி கூடத் தனியாகத் தொங்கக் கூடாது. சென்னையில் இருந்தது ஒற்றை அறை. வயர்கள் கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கும், காலில் சிக்கும். இங்கேயாவது ஒரு வெற்று மேசை வேண்டும் என்று ஏங்கினேன். திரை மட்டும் நிற்க வேண்டும். மற்றதெல்லாம், உறுமுகிற பெட்டி, பேட்டரி, மோடம், பிளக்குகள், எல்லாம் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்ய வேண்டும். வேலை நடக்கட்டும், நடப்பது தெரிய வேண்டாம். இதைச் சொல்லும்போதே ஏதோ உறுத்தத்தான் செய்தது. வீட்டு வேலை செய்கிற பெண்களைப் பற்றி யாரோ சொல்வது போல இருந்தது.

படுக்கையறையில் சுவரோடு கட்டிய அலமாரி ஒன்று உண்டு, மரக்கதவு வைத்தது. கம்பெனி குவார்ட்டர்ஸ் என்பதால் இந்த பிளாக்கில் எல்லா வீட்டிலும் அதே சுவரில் அதே அலமாரி. எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு போய்த் திறக்கலாம். எங்கள் வீட்டில் அதில் மகளின் பழைய நோட்டுப் பைகளும் போர்வைகளும் இருந்தன. குவார்ட்டர்ஸ் சுவரில் புதிதாக ஓட்டை போட எனக்குத் தைரியமில்லை. நல்ல வேளை, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எதற்கோ போட்ட ஓட்டை ஒன்று அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்டர்நெட் வயர் அதன் வழியே உள்ளே வந்தது. பெட்டியையும் பேட்டரியையும் மோடத்தையும் அலமாரியின் நடுத்தட்டில் ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். திரைக்கும் கீபோர்டுக்கும் போகிற வயர்களைத் தரையோரமாக ஒட்டி, கதவுக்கடியில் நுழைத்து, ஹாலில் மேசைக்குப் பின்னால் ஏற்றிவிட்டேன். அலமாரிக் கதவைச் சாத்தினேன். ஹாலுக்கு வந்து நின்று பார்த்தேன்.

மேசை. திரை. வெள்ளைச் சுவர். ஒரு வயர்கூடத் தெரியவில்லை.

எதிர் வீட்டு அக்கா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்னடி, ஆபீஸ் போட்டேன்னு சொன்ன, படம் மாட்டி வச்சிருக்க?"

"வேலை நடக்குதுக்கா."

"எங்க நடக்குது?"

அலமாரியைத் திறந்து காட்டினேன். "அடிப்பாவி" என்றார். "போர்வை வைக்கிற எடத்துல ஒரு பிளான்டையே வச்சிருக்கியே."

மூன்று நாள் நிம்மதி. அந்த நிம்மதி கூட எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அடிக்கடி எழுந்துபோய் மேசையை எதிர்ச்சுவரிலிருந்து பார்த்தேன். அதற்குள் அவருக்கு சி ஷிப்ட் வாரம் வந்தது.

இரவு ஷிப்ட்காரர் வீட்டில் பகல் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஜன்னலில் கம்பளி தொங்கும். கதவை மூடுகிறவர்கள் பிடியை அழுத்திப் பிடித்து மூடுவார்கள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் அடுப்பை அணைப்பார்கள். என் வேலையும் சத்தமில்லாதது. நான் ஹாலில் காற்புள்ளிகளை நகர்த்திக்கொண்டிருப்பேன், அவர் உள்ளே இருட்டில் தூங்குவார், ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், பல வருஷப் பேருந்துப் பயணத்துக்கு இதைவிட வேறென்ன கூலி வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அவர் தூங்கவில்லை.

முதல் நாள் தண்ணீர் குடிக்க எழுந்தார். இரண்டாம் நாள் மூன்று முறை எழுந்தார். மூன்றாம் நாள் கட்டில் கிறீச்சிடுவதை வைத்தே அவர் புரள்வதை என்னால் பின்தொடர முடிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தார். அலமாரிக் கதவு சரியாகப் பொருந்தாது. அந்த இடுக்கு வழியே மோடத்தின் பச்சை வெளிச்சம் விட்டத்தில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தது. அவருடைய வலது கட்டைவிரல் போர்வையை ஒரே இடத்தில் மெல்ல அழுத்தி அழுத்தி எடுத்தது.

"என்னங்க?"

"அந்த வெளிச்சம்" என்றார். "ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

மாலையில் அவரோடு வேலை பார்க்கிற பையன் ஒருவன் பைக்கில் வந்தான். சேத்தியாத்தோப்புப் பக்கம் வீடு. காண்ட்ராக்ட் ஆள், ஆனால் வாய் மட்டும் பர்மனன்ட் என்று இவர் சொல்வார்.

"என்னா அண்ணி, அண்ணன் கண்ணு ரெண்டும் கோவப்பழமா கீது? நீங்க வந்ததுல இருந்து பகல்லயும் டூட்டியா?"

"டேய்" என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே.

"இல்லண்ணே, நேத்து பேனலுக்கு முன்னாடி நீ தூக்கத்துல சாமியாடிகினு இருந்த. நான்தான் முழங்கையால ஒரு இடி இடிச்சேன். அண்ணிக்குத் தெரிய வேணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. பைக் போன பிறகு வாசலில் நின்றபடி சொன்னார்: "ஜெனரல் ஷிப்ட் கேக்கலாம்னு பாக்கறேன், பகல் வேல மட்டும். ஸ்டோர்ஸ் பக்கம் எங்கயாவது."

பேனலை விட்டுப் போவதைப் பற்றி இவர் பேசி நான் கேட்டதே இல்லை. இளமையில் எங்களைப் பார்க்க வந்த உறவுக்காரர்களிடம், அவர் தன் சம்பளத்தைப் பற்றியோ பதவியைப் பற்றியோ பேசியதில்லை. "எங்க யூனிட் ஏறும்போது பாக்கணும்" என்றுதான் சொல்வார், நின்ற இயந்திரம் மறுபடி கிளம்புவதை மாடு ஈனுவது போல. அந்த மனிதர் நட்டும் போல்ட்டும் எண்ணும் அறையில் போய் உட்கார வேண்டுமா? அல்லது நான் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிட்டு, பெட்டியை மறுபடி பார்சல் கட்டிவிட்டு, சனிக்கிழமைப் பேருந்துக்குத் திரும்ப வேண்டுமா? இரண்டில் ஒன்றுதான் என்று அந்த வாசலில் தெரிந்துபோனது.

வெளிச்சம்தானே பிரச்சினை. அணைத்துவிடலாம்.

என்னிடம் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று இருந்தது. அலமாரியைத் திறந்து மண்டியிட்டு உட்கார்ந்தேன். மோடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பச்சைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. பேட்டரிப் பெட்டிக்கு ஒன்று. கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்கும் ஒன்று. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சுக்குப் பக்கத்தில் கடுகளவு சிவப்பு, அதையும் விடவில்லை. கதவைச் சாத்தி, மிச்சமிருந்த கதவிடுக்கில் பழைய கறுப்புத் துப்பட்டாவை மடித்துத் திணித்தேன். தூசிக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஊர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான், எதை வாங்கினாலும் முதலில் பொத்தி வைப்போம், கவர் போடுவோம், இடுக்கு அடைப்போம். எழுந்து நின்றேன். அறை கிணற்றின் உள்ளே போல இருண்டிருந்தது. அட்டையில் ஒரு பொட்டும் மிஞ்சவில்லை.

அவர் இன்னும் மோசமாகத் தூங்கினார்.

இதை எப்படிச் சொல்வது. கட்டில் கிறீச்சிடவில்லை. அதுதான் மோசம். எட்டிப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார், முதுகு நேராக, அலமாரியை நோக்கி. இருட்டில் இருட்டைப் பார்த்துக்கொண்டு. நான் கதவை மூடிவிட்டு மேசைக்கு வருவேன், யாரோ ஒரு வெளிநாட்டு விஞ்ஞானியின் பக்கத்தில் நிறுத்தற்குறி வைப்பேன், எழுந்து வராந்தாவுக்குப் போவேன், பலாமரத்தைத் தொடுவேன், வருவேன், உட்காரமாட்டேன். என் வயர்களை மறைத்தேன், விளக்குகளை மறைத்தேன், என் செருப்புச் சத்தத்தைக் கூட மறைத்தேன். இனி மறைக்க மிச்சமிருப்பது நான் மட்டும்தான் என்று தோன்றியது. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆளில்லாத வீட்டில் தூங்கிப் பழகியவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சு விடுகிறாள். அதைத் தாண்டி எப்படித் தூங்குவார்? மோடத்துக்குப் பொட்டு ஒட்டலாம். எனக்கு எதை ஒட்டுவது?

ஆபீஸுக்கு எழுத வேண்டிய வரியை மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். 'பொங்கல் முடிந்ததும் வந்துவிடுகிறேன்.' பிழையில்லாத வரி.

அப்போதுதான் திரை கறுத்தது. எந்த அறிவிப்பும் இல்லை. பக்கம், காற்புள்ளி, விஞ்ஞானி எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன. சுவருக்கு அந்தப் பக்கம் மெல்ல உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விசிறியின் சத்தமும் நின்றது. அந்த உறுமல் அதுவரை இருந்ததே நின்ற பிறகுதான் தெரிந்தது.

"எது ட்ரிப்பு? எது நின்னுச்சு?"

உள்ளிருந்து அவர் குரல். வீட்டுக்குரல் இல்லை. நான் கேட்டறியாத ஒரு குரல், உரத்து, தெளிவாக, ஓர் அறை நிறைய ஆள்களுக்குக் கேட்கும்படியாக. ஓடினேன். லுங்கியை இறுக்கியபடி அலமாரியைத் திறந்து துப்பட்டாவை உருவிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"பழுக்கக் காய்ஞ்சு கெடக்கு. எவடி இதுக்குப் போர்வ போத்துனது?"

"உங்க தூக்கத்துக்காகத்தாங்க."

"தூக்கமா? இதுக்குள்ள என்ன ஓடுது, என்ன நிக்குதுன்னே தெரியல. எப்படித் தூங்கறது?" பொட்டுகளைப் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக விரலை வைத்தார். "எல்லா வெளக்கும் செத்தா பேனலுக்கே சப்ளை போச்சுன்னு அர்த்தம். அத மாதிரி பயம் எங்களுக்கு வேற எதுவும் கெடையாது."

"வெளிச்சம் இருந்தப்பவும்தான் தூங்கலையே நீங்க!"

"அது பச்சையால்ல இருந்துச்சு" என்றார்.

சொல்லிவிட்டு மோடத்தைப் பார்த்தார்.

"பச்சைன்னா நல்லதுதானே" என்றேன். "சிக்னல்ல பச்சைன்னா போகலாம்."

"ரோட்டுல." கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "எங்களுக்குச் செவப்புன்னா ஓடுது. பச்சைன்னா நிக்குது. ஓடிக்கிட்டிருந்த மோட்டார் தானா நின்னா, பச்சை மின்னும். நீ பாத்து, பட்டன அமுக்கி, பாத்துட்டேன்னு சொல்ற வரைக்கும் மின்னிக்கிட்டே இருக்கும்." வலது கட்டைவிரலை உயர்த்தி அதைப் பார்த்தார், வேறு யாருடையதோ போல. "நான் படுத்துக்கிட்டு அத அமுக்கிட்டே இருந்திருக்கேன் போல."

"இருந்தீங்க. நான் பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லியிருக்கலாமே. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது சொன்னீங்களா, உங்க ஊர்ல செவப்புதான் நல்லதுன்னு?"

"நீ எங்க இங்க இருந்த, சொல்ல?"

அந்தக் கேள்விக்குக் குத்தும் முனை இருந்தது. குத்தியது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது, இருவருக்கும் நடுவில் இப்படி ஒரு சின்ன விஷயம் இத்தனை வருஷம் சொல்லப்படாமல் கிடந்ததே என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன். கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக் கூட்டம் போல வரிசையாக உட்கார்ந்திருந்த அந்த இயந்திரங்களைப் பார்த்ததும் முடியவில்லை. அவரும் சிரித்தார். பகல் தூக்கத்துக்கு என்று அடக்கி வைத்திருந்த வீடு முழுவதும் அந்தச் சிரிப்பு கேட்டது. எதிர் வீட்டு அக்கா என்ன நினைத்தாரோ.

பிறகு செய்ததெல்லாம் சின்ன வேலை. அலமாரியின் பக்கவாட்டில் காற்று போகும்படி பெட்டியை நகர்த்தினேன். துப்பட்டாவை எடுத்துத் துவைக்கப் போட்டேன். தூசி வந்தால் வரட்டும், வாரம் ஒருமுறை துடைத்துக்கொள்கிறேன். மோடத்தின் பச்சைகளுக்கு ஒட்டிய பொட்டுகள் அப்படியே இருக்கட்டும் என்றார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மேல் இருந்த ஒன்றை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்தேன். கடுகளவு சிவப்பு எரிந்தது. கதவைச் சாத்தினேன். இடுக்கில் அது கங்கு போலத் தெரிந்தது.

அவர் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"ஓடுது" என்றார்.

"என்ன ஓடுது?"

"உன் ஆபீஸ்" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

நான் கதவருகில் நின்றேன். கம்பளி தொங்கும் ஜன்னல், மின்விசிறி, கட்டில், கட்டைவிரல். கட்டைவிரல் அசையவில்லை. குறட்டை வர வெகுநேரம் ஆகவில்லை. கன்வேயர் பெல்ட் கிளம்புவது போல முதலில் தயங்கி, பிறகு ஒரே சீராக.

அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் கால் நிற்கவில்லை. ஹாலுக்கு வந்தேன், மேசையைப் பார்த்தேன், ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, நகர்த்தவில்லை. கம்ப்யூட்டர் ஆறி மறுபடி எழுந்தது. போன பக்கத்தில் பாதி திரும்ப வந்தது, மீதியைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். ஆபீஸுக்கு எழுத வேண்டிய மெயிலைத் திறந்தேன். மனதுக்குள் அமைத்து வைத்திருந்ததை அழித்துவிட்டு, 'இங்கேயே இருந்து பார்க்கிறேன்' என்று அடித்தேன். அனுப்பிவிட்டேன். முற்றுப்புள்ளி வைக்க மறந்துவிட்டேன் என்று அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். என் தொழிலுக்கு அது பெரிய குற்றம்.

விரல் நுனியில் அந்தக் கறுப்புப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்துக் கட்டைவிரலால் நெற்றியைத் துடைக்க வந்தார்.

"பொட்டெல்லாம் தூசிடி."

"அலமாரியில இருந்ததுக்கா" என்றேன்.

"ஷ்ஷ்" என்றார் அக்கா, உள்ளிருந்து வந்த குறட்டையைக் கேட்டு. கதவுப் பிடியை அழுத்திப் பிடித்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார்.